தோட்டத்தில் நடந்த அம்மா தாமானில் ஏன் நடக்க முடியவில்லை?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார்: "தோட்டத்தை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. சொந்த வீடு, இரண்டு கார். ஆனால் அறுபத்தெட்டு வயது அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். மார்க்கெட், கிளினிக், கோயில், எங்கே போவதென்றாலும் எங்களில் ஒருவர் லீவு எடுக்க வேண்டும். நடந்து போகலாம் என்றால் நடக்க இடமில்லை. ரோட்டை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். தோட்டத்திலேயே நன்றாக இருந்தேன் என்கிறார் அம்மா. இது ஏன் இப்படி? யாரிடம் போய்க் கேட்பது?"

நானும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன்தான். பிறகு வேறொரு மாவட்டத்தில், ஓர் உள்ளாட்சி மன்றத்தின் பொறியியல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ரோடு, லோங்காங் (ரோட்டோர வடிகால்), தெருவிளக்கு, வேகத்தடை, இவைதான் எனக்குச் சோறு போட்டன. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எவ்வளவு தூரம் நடந்தவர் என்று நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அங்கிருந்து நிரைக்கு, அவருக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு. மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு. மாலையில் கடைக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), தமிழ்ப்பள்ளி, கோயில், மருந்துக் கொட்டகை எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள் இருந்தன. துரை நம் கால்மேல் இரக்கப்பட்டு அப்படிக் கட்டவில்லை. ஆள் பெரட்டுக்குப் பிந்தக் கூடாது, வெளியே அதிகம் போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. கூரை ஒழுகிய கதையும் தண்ணீருக்கு வரிசை நின்ற கதையும் அம்மாவே சொல்வார். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் யாரையும் கேட்காமல் வெளியே போய்த் திரும்ப முடிந்தது. அம்மா "நன்றாக இருந்தேன்" என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தாமான் வேறு கணக்கில் பிறந்தது. சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. அப்படித் துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. ஊரை ஒட்டிய தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. வீடு கட்டுகிற நிறுவனம் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத்தான் தேடும், அது ஊருக்கு வெளியே இருக்கும். பெரிய ரோட்டிலிருந்து ஒரே ஒரு வாசல், உள்ளே 40 அடி ரோடு, இருபுறமும் லோங்காங், வரிசை வரிசையாக வீடுகள். வாங்குகிறவரிடம் வண்டி இருக்கும் என்ற நினைப்பு அந்த வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது.

வண்டியும் வந்தது. 1985-இல் புரோட்டோன் சாகா. 1994-இல் பெரோடுவா கஞ்சில், 660 சிசி. ஒன்பது வருஷம் வரை வங்கிக் கடன். 1000 சிசி வரையுள்ள காருக்கு வருஷச் சாலை வரி 20 வெள்ளி (ரிங்கிட்), 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு வெறும் 2 வெள்ளி. நான் காரைத் திட்ட வரவில்லை. நடுராத்திரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்ச வேண்டியிருந்த காலம் எனக்குத் தெரியும். கஞ்சில் வாசலில் நின்ற அன்றைக்கு அந்தக் கெஞ்சல் போயிற்று. எங்கள் அப்பா அந்தக் காருக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியது சும்மா இல்லை.

ஆனால் எல்லாரிடமும் வண்டி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதும் மற்ற எல்லாம் அதன் பின்னால் போய்விட்டன. பஸ்ஸில் ஆள் குறைந்தது, நடை குறைந்தது. அரை மணிக்கு ஒன்றாக வந்த பஸ் இரண்டு மணிக்கு ஒன்றாக வந்தால் மிச்சம் இருந்தவரும் மோட்டார் வாங்குவார். பெட்ரோல் மானியத்தையே பாருங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி 95 திட்டத்தில் குடிமகனுக்கு லிட்டர் 1.99 வெள்ளிக்கு, மாதம் 300 லிட்டர் வரை கிடைத்தது. ஆனால் அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் மானியம் உண்டு. லைசென்ஸ் இல்லாத அம்மாவுக்கு அதில் ஒரு சென்னும் இல்லை. வேண்டுமென்றே அவரை விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. போக்குவரத்து என்றாலே வண்டி என்று பழகிப்போன கணக்கில் அவருக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் உண்மையான கேள்வி: நடைபாதை ஏன் வரவில்லை, ரோடு மட்டும் ஏன் அகலமாகிறது?

உங்கள் வீட்டு வாசலிலிருந்து மார்க்கெட் வரை இருப்பதை ஒரே ரோடு என்று நீங்கள் நினைப்பீர்கள். அலுவலகத்தில் அது மூன்று நான்கு உடைமைக்காரர்களின் ரோடு. தாமானுக்குள் இருப்பதை நிறுவனம் கட்டி முடித்து உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்திருக்கும். வாசலுக்கு வெளியே மாநிலச் சாலையாக இருக்கலாம். ஊருக்குள் போகும் பெரிய ரோடு, சுங்கை சிப்புட்டில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிற அந்த முதலாம் எண் சாலை, கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசாங்கத்துடையது. நடுவில் ஒரு துண்டு செம்பனைத் தோட்டத்தின் சொந்தச் சாலையாக இருந்தால் அதில் அரசாங்கம் கைவைக்காது. தோட்ட மக்கள் வருஷக்கணக்காகக் கேட்ட பதில் இதுதானே: "அது தனியார் நிலம், நாங்கள் உள்ளே வர முடியாது."

கார் இந்த எல்லைகளை உணர்வதே இல்லை, ஏனென்றால் தார் எல்லைக்கு எல்லை தொடர்கிறது. நடக்கிறவர்தான் ஒவ்வொரு எல்லையிலும் தடுக்கி விழுகிறார். மன்றம் போட்ட சிமெண்டுப் பாதை தாமான் வாசலில் முடியும். அதற்கப்பால் ஜே.கே.ஆரின் (பொதுப்பணி இலாகாவின்) புல். புல்லுக்கு அந்தப் பக்கம் மூடியில்லாத லோங்காங். என் வேலைக் காலத்தில் மூன்று கடிதங்கள் சுற்றிச் சுற்றி வந்த ஒரு விவகாரம் உண்டு. இருபது மீட்டர் நீளத்துக்கு லோங்காங் மேல் பலகைக்கல் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது எங்களுடையது இல்லை என்று நாங்கள் எழுதினோம், எங்களுடையது இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். நான் அங்கிருந்து மாறிப்போகும்வரை கல் வரவில்லை.

பணமும் தார்ப் பக்கம்தான் சாய்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் மாநிலங்களுக்குச் சாலை மானியம் என்று ஒன்று இருக்கிறது. அது மாநிலச் சாலைகளின் நீளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ரோடு நீண்டால் மானியமும் நீளும். இத்தனை பேர் பஸ் ஏறினார்கள், இத்தனை பாட்டிகள் பத்திரமாக ரோட்டைக் கடந்தார்கள் என்று எண்ணுகிற வரி அதில் கிடையாது. மன்றத்திலும் அதே கதைதான். ஒரு கடை வரிசைத் திட்டத்தில் ஒன்றரை மீட்டர் நடைபாதை வரைந்திருந்தார்கள். கார் நிறுத்த இடம் நான்கு குறைகிறது என்று தெரிந்ததும் முதலில் அழிந்த கோடு அந்த நடைபாதைதான். கார் நிறுத்துமிடத்துக்கு விதியில் எண்ணிக்கை இருந்தது. எங்கள் வரைமேசையில் நடைபாதை "இடமிருந்தால்" ரகம்.

சுங்கை சிப்புட்காரருக்கு இந்த அரசியலை விளக்க வெளியூர் உதாரணமே வேண்டாம். 1959 முதல் 1974 வரை உங்கள் எம்.பி. துன் சம்பந்தன். 1974 முதல் 2008 வரை டத்தோ ஸ்ரீ சாமிவேலு, பின்னாளில் துன் பட்டம் பெற்றவர். ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் இரண்டே எம்.பி.கள், இருவருமே பொதுப்பணி அமைச்சர்களாக இருந்தவர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு 1988-இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமைச்சர் சாமிவேலு. 1994-இல் அது புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை முழுமையாகத் திறந்தது. நாட்டுக்கே ரோடு போட்ட அமைச்சர்களின் தொகுதியில் ஒரு கிழவி மார்க்கெட்டுக்கு நடக்க வழியில்லாமல் போகுமா என்று கேட்கலாம். போகும். நெடுஞ்சாலை அமைச்சரின் அதிகாரம், நடைபாதை மன்றத்தின் அதிகாரம். எம்.பி. மன்றத்துக்குப் போன் போடலாம், சிபாரிசு செய்யலாம். மன்றம் அவருக்குக் கட்டுப்பட்டது அல்ல.

மன்றம் உங்களுக்கும் கட்டுப்பட்டது அல்ல. இதுதான் விஷயத்தின் ஆணிவேர் என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்தபோது, 1965-இல், தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். உள்ளாட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976-இல் வந்த உள்ளாட்சி மன்றச் சட்டம் அதைக் கேட்கவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கும், ஒரு தவணை அதிகபட்சம் மூன்று வருஷம். பினாங்கு 2012-இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

அதனால் என்ன ஆகிறது? கவுன்சிலர் கட்சி வழியாக வருகிறார். அவர் பதவி உங்கள் தெரு ஓட்டில் தொங்கவில்லை. நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு, ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் காதில் விழும் புகார்கள் எவை? குழி, நெரிசல், பார்க்கிங். புகார் சொல்ல வருகிறவர் காரில் வருகிறார். நடக்க முடியாதவர் வீட்டுக்குள் இருக்கிறார், அவர் குரல் அலுவலகம் வரை வருவதே இல்லை. தேர்தல் நெருங்கினால் புதுத் தார் விழுகிறது, பதாகை கட்டிப் படம் எடுக்கிறார்கள். மூடிபோட்ட லோங்காங்குக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

சட்டத்திலும் இந்தச் சாய்வு தெரியும். கூட்டரசு, மாநிலச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், ஊர்ப்பகுதியில் 60. இது தூரப் பயணத்துக்கு வைத்த கணக்கு. தோட்டம் இருந்த இடத்தில் தாமான் வந்த பிறகும், பலகையை யாராவது மாற்றும்வரை, தாமான் வாசலில் அதே 90-தான். லோரிக்காரர் சட்டப்படி ஓட்டினாலே உங்கள் அம்மா கடப்பதற்கு அந்த ரோடு ஆபத்து. தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம், 1970களிலேயே கிள்ளான் பக்கம் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப் பாதை போட்டோம். உலகத்துக்கே அது முன்னோடி என்பார்கள். செய்ய நினைத்தால் நமக்குச் செய்யத் தெரியும். அப்படியும் 2023-இல் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 6,443 பேர், அதில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். நம் பையன்கள்தான், வேறு யார்? பதினாறு வயதில் லைசென்ஸ் எடுக்கலாம். பஸ் இல்லாத தாமானில் பதிமூன்றிலேயே மோட்டாரை எடுத்துவிடுகிறான். ரோட்டுத் தடுப்பில் பிடித்தால் சம்மன் அப்பாவுக்கு. "ஏன் கொடுத்தீர்கள்" என்று எல்லாரும் கேட்பார்கள். பள்ளிக்கு வேறு எப்படிப் போவான் என்று கேட்க யாருமில்லை.

வேகத்தடைக் கதை ஒன்று. ஒரு தாமானில் பிள்ளைகள் விளையாடும் தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று குடியிருப்பாளர்களே ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டு கலந்து மேடு போட்டுவிட்டார்கள். அனுமதியில்லாத மேடு குற்றம், மோட்டார்காரன் தூக்கி எறியப்பட்டால் மன்றம்தான் வழக்குச் சந்திக்க வேண்டும். நாங்கள் போய் உடைத்தோம். அடுத்த வாரம் மறுபடி இருந்தது, இந்தத் தடவை மஞ்சள் பெயிண்டோடு. மூன்றாவது தடவை உடைக்கப் போனபோது ஒரு பாட்டி எங்களுக்குத் தேத்தண்ணீர் கலந்து கொடுத்து, "உடைச்சிட்டுப் போங்கய்யா, பிள்ளைங்க மறுபடி போட்டுக்குவாங்க" என்றார். கடைசியில் அளவெடுத்து நாங்களே முறையாக ஒன்று போட்டுக் கொடுத்தோம்.

நாம் மட்டும் இப்படி ஆகிவிடவில்லை. அமெரிக்க நகரங்களிலும் தெரு ஒரு காலத்தில் நடப்பவர்களுடையதாகத்தான் இருந்தது. 1920களில் கார்கள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, ரோட்டின் நடுவே நடப்பவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் சொல்லைக் கார்க் கழகங்கள் பரப்பின. 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நடப்பவர்கள் எங்கே கடக்கலாம் என்று விதி போட்டது, மற்ற ஊர்கள் பின்பற்றின. அதே கலிபோர்னியா 2023-இல்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. நெதர்லாந்தில் 1970களில் பிள்ளைகள் சாவதைப் பொறுக்காமல் பெற்றோர் தெருவுக்கு வந்து மறித்தார்கள், இன்றைய சைக்கிள் பாதைகளுக்கு அதுவும் ஒரு தொடக்கம். நம்மிடம் அந்தப் பழைய காலத்தின் மிச்சம் ஒன்று இருக்கிறது, ஊர்க் கடைவீதியின் ஐந்தடி நடைவழி, மலாயில் காக்கி லீமா. 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைவழி வேண்டும் என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம். வெயிலோ மழையோ அதில் நடந்துவிடலாம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அதை மறித்துச் சாமான் அடுக்குவது குற்றம். ஆனால் மோட்டாரும் கேஸ் சிலிண்டரும் நிற்காத காக்கி லீமாவை நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்?

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். பலகையில் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை, பேராக்குக்கு ஆங்கில ஏ. எதுவும் இல்லாத தாமான் தெரு பெரும்பாலும் மன்றத்துடையது. கூட்டரசுச் சாலைக்கும் மாநிலச் சாலைக்கும் மாவட்ட ஜே.கே.ஆர். அலுவலகம். எல்லை தெரியாத இடத்தில் ஜே.கே.ஆருக்கும் மன்றத்துக்கும் ஒரே கடிதம் எழுதி, இன்னொருவருக்கும் நகல் போகிறது என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். நகலைப் பார்த்தால் "எங்களுடையது இல்லை" என்று எழுதும் கை கொஞ்சம் தயங்கும், இதை நான் உள்ளே இருந்து பார்த்தவன்.

"நடைபாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அடுத்த வருஷ பட்ஜெட் என்று பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள்: இந்த இடத்தில் லோங்காங்குக்கு மூடி, அந்த வளைவில் புதரை வெட்டுவது, வாசலில் வேகப் பலகை, கடக்கும் இடத்தில் விளக்கு. இவையெல்லாம் பராமரிப்புக் காசிலேயே முடிகிற வேலைகள். பெரிய விஷயத்துக்கு வேறு வாசல் இருக்கிறது. வட்டாரத் திட்ட வரைவு, அதாவது எந்த நிலம் எதற்கு என்று காட்டும் திட்டம், வரும்போது நகர், ஊரமைப்புச் சட்டப்படி குறைந்தது நான்கு வாரம் பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், விசாரணையில் நேரில் பேசவும் கேட்கலாம். நான் இருந்தவரை அந்த மேசைக்கு நில உடைமையாளர்களின் கடிதங்கள்தான் வந்தன. தாமான்காரர் கடிதம் என்று கையில் ஒன்றைப் பார்த்த நினைவில்லை. மன்றத்தின் முழுக் கூட்டமும் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தது, தனித் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பேச விடமாட்டார்கள், ஆனால் ஒரு தாமானிலிருந்து பத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தால் யார் என்ன விஷயம் என்று கேட்டனுப்புவார்கள்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, பெரிய பஸ் உங்கள் தாமானுக்குள் வருவதை நான் எதிர்பார்க்கவில்லை. சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் போனில் கூப்பிட்டால் வரும் வேன் சேவை ஓடுகிறது. செம்பனைக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நம் தாமான்களுக்கு அந்த அளவு வண்டிதான் பொருந்தும். இதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், அது அவர் பேசக்கூடிய விஷயம்.

கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை. ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், அம்மாவோடு மார்க்கெட் வரை நடந்து பாருங்கள். காரை எடுக்காதீர்கள். அம்மா எங்கெங்கே தார் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது, எங்கே உங்கள் கையைப் பிடிக்கிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று பக்கத்து மின்கம்பத்து எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். மன்றத்து ஆள் இடத்தைக் கண்டுபிடிக்க அந்த எண் போதும், "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் வரமாட்டார். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். எந்த வரி எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்துத் தருகிறேன்.